ஆற்றுக்கு ஆழம் தந்தவர்கள்

முதுகலையில் எனக்கு இலக்கிய வரலாறு நடத்திய பேராசிரியர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. மகளும் மருமகனும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். "எங்கள் இருவரையும் ஐரோப்பிய ஆறு ஒன்றில் கப்பலில் அனுப்பப் போகிறார்களாம். எந்த ஆறு என்பதை எங்களையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. நடுவழியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற முடியாது. தண்ணீர் நிச்சயமாக இருக்கும் ஆறு எது, தம்பி? நீங்கள்தான் எதையாவது தேடிப் படித்துக்கொண்டிருப்பவராயிற்றே" என்றார்.

அவர் அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது. அவருடைய நண்பர் ஒருவர் 2022 ஆகஸ்டில் ரைன் ஆற்றில் பயணம் சென்றவர். மலையுச்சிக் கோட்டைகள் வரிசையாக நிற்கும் பகுதியை நெருங்கும்போது ஆற்றில் ஆழமில்லை என்று கப்பல் நின்றுவிட்டது. மீதி ஊர்களைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துவிட்டு அவர் திரும்பினார்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக் காலைச் செய்தித்தாளில் பார்த்து வளர்ந்த நமக்கு இக்கவலை புதிதன்று. ஆயினும் ஐரோப்பிய ஆறுகள் என்றாலே ஆண்டு முழுவதும் நிறைந்து ஓடுபவை என்றோர் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. ஆசிரியருக்காகச் சில நாட்கள் படித்த பிறகு அது மாறிவிட்டது. ஓர் ஆற்றில் கப்பலுக்குப் போதுமான ஆழம் எப்போதும் இருக்கிறதென்றால், பெரும்பாலும் அந்த ஆழத்தை யாரோ கட்டியிருக்கிறார்கள். அதன் அருகிலேயே இன்னொரு பகுதியில் ஆழம் நிச்சயமில்லை என்றால், அங்கே கட்ட வேண்டாம் என்று சில சமயம் யாரோ போராடித் தடுத்திருக்கிறார்கள். நீர்மட்டத்தைப் பார்த்து ஆற்றைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த ஆற்றின் வரலாற்றைப் படிப்பதுதான்.

கவுப் என்னும் சிற்றூர்

ரைன் ஆற்றின் நடுப்பகுதியில், பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில், கவுப் என்றொரு சிற்றூர் உள்ளது. ஆற்றின் நடுவே பாறைத் திட்டில் சுங்கம் தண்டுவதற்காகக் கட்டப்பட்ட பழைய கோட்டை ஒன்று கப்பலைப் போல நிற்கிறது. நெப்போலியனைத் துரத்திக்கொண்டு பிரஷ்யத் தளபதி புளூஹர் 1813ஆம் ஆண்டின் கடைசி இரவில் படகுப் பாலமிட்டு ரைனைக் கடக்கத் தொடங்கியது இங்கேதான். இன்று இவ்வூர் வேறொரு காரணத்தால் அறியப்படுகிறது. இங்குள்ள நீரளவுகோல் காட்டும் எண்ணைக் கப்பல் நிறுவனங்களும் வேதித் தொழிற்சாலைகளும் நாள்தோறும் பார்க்கின்றன. நடு ரைனில் ஆழம் மிகக் குறைந்த பகுதி இதுவே என்பதால், கவுப்பைக் கடக்க முடிந்த கப்பலே மேலும் கீழும் செல்ல முடியும்.

2018 அக்டோபர் 22 அன்று அந்த அளவுகோல் 25 செ.மீ. காட்டியது. அதற்குமுன் அவ்வளவு குறைந்த அளவு அங்கே பதிவானதில்லை. 2022 ஆகஸ்டில் 30 செ.மீ. அளவை ஒட்டி இறங்கியது. இதைப் படிப்பவர்கள் ஆற்றில் முழங்கால் அளவு நீர்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அளவுகோலின் சுழியம் ஆற்றின் அடித்தளத்தில் இல்லை. கவுப் அளவுகோல் 78 செ.மீ. காட்டும்போது கப்பல் செல்லும் தடத்தில் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும் என்பது கணக்கு. எனவே 25 செ.மீ. என்றால் தடத்தின் ஆழம் ஏறத்தாழ 1.4 மீட்டர். பயணிகள் கப்பலின் அடிப்பகுதி பொதுவாக ஒன்றரை மீட்டருக்கு மேல் நீரில் அமிழ்ந்திருக்கும். நண்பரின் கப்பல் ஏன் நின்றது என்பது இந்தக் கழித்தல் கணக்கிலேயே விளங்கும்.

ரைனுக்கு நீர் இரு வழிகளில் வருகிறது. ஆல்ப்ஸ் மலையின் பனி உருகிக் கோடையின் தொடக்கத்தில் வருவது ஒன்று. நெக்கார், மைன் முதலிய துணையாறுகளின் வழியே பெரும்பாலும் குளிர்காலத்தில் வரும் மழைநீர் மற்றொன்று. பனி உருகித் தீர்ந்து மழையும் பொய்த்தால், கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் ஆறு மெலிந்துவிடும். திராட்சை பழுத்துக் கரைகள் அழகாக இருக்கும் காலமும் அதுவே.

நேராக்கப்பட்ட ஆறு

ரைன் இயற்கையாக இப்படி ஓடிய ஆறு அன்று. பாசல் நகருக்குக் கீழே அது நூற்றுக்கணக்கான கிளைகளாகவும் வளைவுகளாகவும் பரந்து கிடந்தது. வெள்ளந்தோறும் தன் வழியை மாற்றிக்கொண்டு ஊர்களை விழுங்கியது. பாடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் காட்ஃபிரீட் துல்லா (1770–1828) அதை ஒரே தடத்தில் நேராக ஓடச் செய்யத் திட்டமிட்டார். 1817இல் தொடங்கிய பணி 1876 வரை நீண்டது. பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையில் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 81 கி.மீ. குறைந்தது. தொடக்கத்தில் கரையூர் மக்கள் எதிர்த்ததால் படைவீரர்களைக் காவலுக்கு நிறுத்தி வெட்ட வேண்டியிருந்தது. துல்லா பணி முடிவதைப் பார்க்கவில்லை. பாரிஸில் இறந்து மொன்மார்த்ர் இடுகாட்டில் அடக்கமானார்.

துல்லாவின் நோக்கம் கப்பல் அன்று. வெள்ளத்திலிருந்து ஊர்களையும் நிலத்தையும் காப்பது. ஆனால் நேராக்கிய ஆறு விரைந்து ஓடித் தன் அடித்தளத்தையே அரித்துப் பல மீட்டர் கீழே இறங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ரைன் நீரைத் திருப்பிக்கொள்ளும் உரிமையைப் பிரான்சுக்கு அளித்தது. 1932இல் கெம்ப்ஸ் அணையும் கால்வாயும் செயல்படத் தொடங்கின. 1977இல் இஃபெட்ஸ்ஹைம் அணை முடிந்தபோது, பாசலிலிருந்து அதுவரையுள்ள பகுதி பத்து அணைகளால் படிக்கட்டாக மாறியிருந்தது. ஒவ்வொரு படியிலும் 'லாக்' உண்டு. அதாவது இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டி. கப்பல் உள்ளே நுழைந்ததும் கதவை மூடி நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள்.

ஆகவே மேல் ரைனில் ஆழம் உறுதி. இஃபெட்ஸ்ஹைமுக்குக் கீழே கடல்வரை முதன்மைத் தடத்தில் அணை கிடையாது. பிங்கன் அருகே பாறைகளை வெடிவைத்து வழியை அகலப்படுத்தியிருக்கிறார்கள். நடு ரைனின் ஆழம் குறைந்த இடங்களில் தடத்தை இன்னும் 20 செ.மீ. ஆழப்படுத்தும் திட்டமும் ஜெர்மனியிடம் உள்ளது. ஆனால் வானம் தரும் நீரை நம்பித்தான் அந்தப் பகுதி இன்றும் இருக்கிறது. கவிஞர்கள் பாடிய லோரலைப் பாறையும் கோட்டைகளும் இருப்பது அங்கேதான்.

மோசெல்: உறுதிக்கும் ஓர் எல்லை

கோப்லென்ஸில் ரைனோடு கலக்கும் மோசெல் இதற்கு நேர்மாறானது. நிலக்கரிக்கும் எஃகுக்கும் இருமுறை உலகப் போரிட்ட நாடுகள், 1956இல் அந்த ஆற்றைக் கப்பல் வழியாக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த பணி 1964 மேயில் முடிந்தது. கோப்லென்ஸிலிருந்து டிரியர் வரை மட்டும் பத்து அணைகள். கோடை வறட்சியில் ரைன் கப்பல்கள் தவிக்கும்போதும் மோசெல் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் 2024 டிசம்பரில் மியூடன் என்னுமிடத்தில் சரக்குக் கப்பல் ஒன்று லாக்கின் கதவை மோதி உடைத்துவிட்டது. நீர் இருந்தும் வழியில்லாமல் ஏறத்தாழ 70 கப்பல்கள் அதற்கு மேலே சிக்கிக்கொண்டன. லாக் சீராகத் திறக்க 2025 பிப்ரவரி ஆயிற்று. வானத்தை நம்ப வேண்டாத ஆறு இரும்புக் கதவை நம்ப வேண்டியிருக்கிறது.

டான்யூப்: கட்டியதும் தடுத்ததும்

என் ஆசிரியர் நிபெலுங்கன் காவியத்தை மொழிபெயர்ப்பில் படித்தவர். ரைன் கரையிலிருந்து புறப்படும் வீரர்கள் டான்யூப் கரை வழியே அழிவை நோக்கிச் செல்லும் கதை அது. அந்தப் பாத்திரங்கள் நிலத்தில் கடந்த தொலைவை இன்று நீரிலேயே கடக்கலாம். ரைனையும் டான்யூபையும் இணைக்க 793இல் சார்லமேன் கால்வாய் வெட்ட முயன்றான். 1846இல் பவேரிய மன்னன் முதலாம் லுட்விக்கின் கால்வாய் நிறைவுற்றது. அதில் 100 லாக்குகள். இன்றைய 171 கி.மீ. கால்வாய் 1992 செப்டம்பர் 25 அன்று திறக்கப்பட்டது. கடல்மட்டத்துக்கு 406 மீட்டர் உயரத்தில் கப்பல்கள் மலையேறி இறங்குகின்றன. ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை ஒரே கப்பலில் செல்லும் நெடும்பயணம் இதனால் இயன்றது. ஆனால் அவ்வளவு நீண்ட பயணத்தின் உறுதி, வழியில் ஆழம் மிகக் குறைந்த ஓரிடத்தின் உறுதியே ஆகும். கவுப்பும் அவ்வழியில் இருக்கிறது. டான்யூபின் ஆழமற்ற இடங்களும் இருக்கின்றன.

அவற்றுள் முதலாவது பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையில் ஏறத்தாழ 70 கி.மீ. நீளமுள்ள பகுதி. அங்கே அணை கட்டுவதா வேண்டாமா என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2013இல் பவேரிய அரசு அணை வேண்டாம் என்று முடிவு செய்தது. அதற்குக் கீழே பாசாவ் நகரில் இன் ஆறு வந்து சேர்கிறது. ஆல்ப்ஸ் பனிநீரைச் சுமந்துவரும் அந்த ஆறு, கோடையில் டான்யூபைவிட அதிக நீரைக் கொண்டுவருவதுண்டு. அங்கிருந்து வியன்னா வரை ஆஸ்திரியா அணைகளை வரிசையாகக் கட்டியிருக்கிறது.

அந்த வரிசையில் வாஹாவ் பள்ளத்தாக்கு ஓர் இடைவெளி. மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரை ஏறத்தாழ 35 கி.மீ. ஆறு தன் போக்கில் ஓடுகிறது. அங்கும் அணை கட்டும் திட்டம் இருந்தது. 1970களில் ஊர்மக்கள் திரண்டு அதைத் தடுத்தார்கள். 2000இல் அப்பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பூர்க் அருகே 1984 டிசம்பரில் நடந்தது இன்னும் கடுமையானது. ஆற்றங்கரைக் காட்டை வெட்ட வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் காட்டுக்குள் கூடாரமிட்டுத் தங்கினார்கள். காவலர்கள் தடியடி நடத்தினார்கள். கிறிஸ்துமஸை ஒட்டி அரசு பின்வாங்கியது. 1996இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. பயணக் கப்பல் நிறுவனங்களின் பார்வையில் அது நீர் குறையும்போது இடர்தரும் ஒரு பகுதி.

ஹங்கேரியில் இது அரசியலையே அசைத்தது. செக்கோஸ்லோவாகியாவும் ஹங்கேரியும் 1977இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, விஷெக்ராத் கோட்டைக்கு எதிரே நாஜ்மரோஷில் ஓர் அணை எழ வேண்டும். 1988இல் புடாபெஸ்ட் தெருக்களில் மக்கள் அதை எதிர்த்து ஊர்வலம் சென்றார்கள். ஒரு கட்சி ஆட்சியில் அணையை எதிர்ப்பது ஆட்சியை எதிர்ப்பதாகவே இருந்தது. 1989 மேயில் ஹங்கேரி பணியை நிறுத்தியது. வழக்கு ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் வரை சென்று, இரு தரப்பும் தவறிழைத்ததாக 1997இல் தீர்ப்பாயிற்று. நாஜ்மரோஷில் அணை இல்லை. ஆகவே வறண்ட ஆண்டுகளில் புடாபெஸ்டை ஒட்டிய டான்யூப் மெலிகிறது.

அடா காலே

அணையால் ஆழம் பெற்ற இடத்தையும் பார்க்க வேண்டும். செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் இடையிலுள்ள இரும்புக் கதவு என்னும் மலையிடுக்கில், டான்யூப் பாறைகளின் மேல் மோதிச் சுழித்து ஓடியது. ரோமப் பேரரசன் டிராஜன் அங்கே கால்வாய் வெட்டினான். 1896இல் வேறொரு கால்வாய் திறந்தார்கள். அதில் நீரின் வேகம் அதிகமாக இருந்ததால், பின்னாளில் கரையில் ரயில் எஞ்சினை ஓட்டிக் கப்பல்களை எதிர்நீரில் இழுத்தார்கள். யூகோஸ்லாவியாவும் ருமேனியாவும் 1964இல் தொடங்கி 1972இல் முடித்த பேரணை எல்லாவற்றையும் மூழ்கடித்தது. நீர்மட்டம் 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தது.

மூழ்கியவற்றுள் அடா காலே என்னும் தீவும் ஒன்று. உஸ்மானியப் பேரரசு பின்வாங்கியபோது, 1878இன் பெர்லின் உடன்படிக்கையில் யாரும் நினைவில் கொள்ளாமல் விடுபட்ட தீவு அது. பள்ளிவாசல், கடைவீதி, சுல்தான்கள் காலத்துப் பேச்சு என்று துருக்கியக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வந்தன. 1934இல் நடந்தே ஐரோப்பாவைக் கடந்த ஆங்கில எழுத்தாளர் பாட்ரிக் லீ ஃபெர்மர் அத்தீவில் தங்கினார். அரை நூற்றாண்டுக்குப் பின் 1986இல் வெளிவந்த தம் பயண நூலை, மூழ்கிப்போன அந்தத் தீவுக்கும் பள்ளத்தாக்குக்குமான இரங்கலோடுதான் முடித்தார். தீவு மக்களுள் சிலர் துருக்கிக்குச் சென்றனர். சிலர் ருமேனியாவின் பிற ஊர்களில் குடியேறினர். இன்று அந்த இடுக்கு வழியே கப்பல் குளத்தில் போவதுபோல் அசையாமல் போகிறது. பயணிகள் மேல்தளத்தில் அமர்ந்து மலைகளைப் பார்க்கிறார்கள். அடியில் ஓர் ஊர் கிடக்கிறது.

ரோன், டோரோ, சேன்

மற்ற மூன்று ஆறுகளும் உறுதியானவை என்றே சொல்லலாம். பிரான்சின் ரோன் ஆற்றில் லியோனிலிருந்து கடல்வரை 12 லாக்குகள். 1933இல் நிறுவப்பட்ட தேசிய ரோன் நிறுவனம் கட்டியவை அவை. அதற்கு முன் அந்த ஆறு படகோட்டிகளை நடுங்க வைத்தது. நோபல் பரிசு பெற்ற புரொவென்சால் மொழிக் கவிஞர் பிரெடெரிக் மிஸ்திரால் 1897இல் ரோன் ஆற்றைப் பற்றி எழுதிய காவியத்தில், குதிரைகள் இழுத்த படகு வரிசை நீராவிக் கப்பலால் அழிவதே முடிவு.

போர்ச்சுகலின் டோரோ ஆற்றில் திராட்சை மதுப் பீப்பாய்களை ஏற்றிய ரபேலோ படகுகள் பாறைகளுக்கிடையே பாய்ந்து வந்தன. அந்த ஆற்றை வரைபடமாக்கிய ஆங்கில வணிகர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர், 1861இல் வலேய்ரா நீர்ப்பாய்ச்சலில் படகு கவிழ்ந்து இறந்தார். ஆற்றை அவ்வளவு அறிந்தவரையும் அது விடவில்லை. 1971 முதல் 1985 வரை செயல்பாட்டுக்கு வந்த ஐந்து அணைகள் அப்பாய்ச்சலையும் மூழ்கடித்து, ஆற்றை ஐந்து நீண்ட ஏரிகளாக மாற்றின. பாரிஸின் சேன் ஆற்றிலும் லாக்குகளும் மேற்பகுதி நீர்த்தேக்கங்களும் கோடையில் ஆழத்தைக் காக்கின்றன.

ஆனால் அணைகள் குறைவான நீரைத்தான் ஈடுசெய்யும். மிகையான நீருக்கு அவை முழு மருந்தல்ல. வெள்ளத்தின்போது பாலங்களின் அடியில் கப்பல் நுழைய இடமிராது. 2013 ஜூனில் பாசாவில் டான்யூப் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501க்குப் பின் அவ்வளவு உயர்ந்ததில்லை. 2016 ஜூனில் சேன் ஆறும் கப்பல்களை நிறுத்தியது.

பசிக்கற்கள்

எல்பே ஆற்றை ஆசிரியருக்கு நான் பரிந்துரைக்கவில்லை. செக் நாட்டு எல்லையிலிருந்து ஹாம்பர்க் அருகே வரை அதில் அணையே இல்லை. கோடையில் அடிக்கடி நீர் வற்றும். ஆனால் நான் நெடுநேரம் படித்தது அதைப் பற்றித்தான். ஜெச்சின் நகரில் ஆற்றுப் படுகையில் ஒரு பெரிய கல் இருக்கிறது. நீர் மிகக் குறையும்போது மட்டும் அது வெளியே தெரியும். வறட்சி ஆண்டுகளை அதில் செதுக்கியிருக்கிறார்கள். இன்று படிக்க முடிகிறவற்றுள் பழையது 1616. தன்னைக் காண்பவன் அழட்டும் என்ற பொருளில் ஒரு வரியும் அதில் உண்டு. இத்தகைய கற்களைப் பசிக்கற்கள் என்கிறார்கள்.

நீர் குறைந்தால் விளைச்சல் இல்லை. மாவரைக்கும் நீராலைகள் சுழலா. தானியம் ஏற்றிய படகும் வராது. அந்தக் கல்லைச் செதுக்கியவனுக்கு நீர்மட்டம் உயிர்ப் பிரச்சினை. 2018இலும் 2022இலும் அக்கல் மீண்டும் தலைகாட்டியது. 2022இல் டான்யூபிலும் செர்பியாவின் பிரஹோவோ அருகே, 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியர் தாமே மூழ்கடித்த போர்க்கப்பல்களின் எலும்புக்கூடுகள் வெடிபொருள்களோடு வெளியே வந்தன. ஆறு மறைத்து வைத்தவற்றை வறட்சி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது.

ஆசிரியருக்கு எழுதியது

இவ்வளவையும் படித்துவிட்டு அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தடங்கலே வேண்டாம் என்றால் மோசெல், ரோன், டோரோ, சேன் ஆகியவற்றுள் ஒன்று. டோரோவுக்கும் சேனுக்கும் மழை மிகுந்த குளிர்காலத்தைத் தவிர்க்கவும். ரைன்தான் வேண்டும் என்றால் மே, ஜூன் மாதங்கள். செப்டம்பரும் அக்டோபரும் வேண்டாம். டான்யூப் என்றால் பாசாவில் ஏறி வியன்னாவில் இறங்குவது நலம். ஸ்ட்ராவ்பிங் பகுதியும் ஹங்கேரியின் ஆழமற்ற பகுதிகளும் அதில் வாரா. சில நிறுவனங்கள் ஆழமற்ற இடத்தின் இருபுறமும் ஒரே மாதிரிக் கப்பல்களை வைத்துக்கொண்டு, பயணிகளைப் பேருந்தில் மாற்றி ஏற்றுவார்கள். பெட்டியைத் தூக்குவது யார், கப்பல் நின்றால் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அளவுகோல்களின் எண்ணை இணையத்தில் யாரும் பார்க்கலாம். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பார்த்தால் போதும்.

கூடவே வாஹாவ், ஹைன்பூர்க், அடா காலே பற்றியும் எழுதினேன். தடையில்லாத ஆறும் தடையில்லாத பயணமும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது என்று அவருக்குச் சொல்லத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அழைத்தார். "பாசாவ் – வியன்னா என்று முடிவு செய்துவிட்டோம். மே மாதக் கடைசி" என்றார். "ஐயா, வாஹாவில் மட்டும் நீரைப் பொறுத்துத்தான்..." என்று தொடங்கினேன். "படித்தேன். உங்கள் கடிதத்தை வீட்டம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அந்த முப்பத்தைந்து கிலோமீட்டரில் தண்ணீர் இல்லையென்றால் பேருந்தில் போகிறோம், ஒரு நாள்தானே, அந்த ஊர்க்காரர்கள் அதை விட்டுவைத்ததால்தானே பார்க்கவே போகிறோம் என்று அவளே சொல்லிவிட்டாள்" என்றார்.

முழங்காலுக்கு உறை வாங்கிவிட்டார்களாம்.